டெஸ்ட் கொடுத்தவள்

என் வேலை என்னவென்று யார் கேட்டாலும் அண்ணன் ஒரே பதில்தான் வைத்திருந்தான். "கம்ப்யூட்டர்ல டெஸ்ட் பண்ற வேல." அதற்கு மேல் கேட்டால் அவனுக்குத் தெரியாது, கேட்டவர்களுக்கும் தேவைப்படவில்லை. மாமல்லபுரத்தில் கல் அறுக்கும் மிஷினில் நிற்பவனின் தங்கை கேளம்பாக்கத்துப் பக்கம் ஏசி ஆபீசில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அவனுக்குப் போதும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னைப் படிக்க வைத்தவன் அவன்தான். அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

என் வேலையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் புரியாது. வேறு யாரோ எழுதிய புரோகிராம் ஜனங்கள் கைக்குப் போவதற்கு முன்னால் எங்களிடம் வரும். பெயர் கேட்கும் இடத்தில் எண்ணைத் தட்டுவோம். பிறந்த தேதி கேட்டால் இன்னும் வராத வருஷத்தைப் போடுவோம். எங்கே உடைகிறது என்று பார்ப்போம். உடையாவிட்டால் பாஸ் என்று போட்டு அனுப்பிவிடுவோம். ஒருமுறை பாஸ் ஆனதை மறுபடி யாரும் திறந்து பார்ப்பதில்லை. அதற்கெல்லாம் நேரம் கிடையாது.

சேர்ந்த புதிதில் ஒரு வாரம் பயிற்சி நடந்தது. நடத்தியவருக்குக் கதை சொல்லப் பிடிக்கும். டெஸ்ட் என்ற ஆங்கிலச் சொல் முதலில் ஒரு மண் சட்டியின் பெயர் என்றார். சுட்ட மண் பாத்திரத்துக்கு லத்தீனில் உள்ள சொல்லிலிருந்து வந்ததாம். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வெள்ளியையும் தங்கத்தையும் ஈயத்தோடு சேர்த்து அந்தச் சட்டியில் போட்டு உருக்குவார்கள். மட்டமான உலோகத்தையெல்லாம் சட்டி குடித்துவிடும். நல்லது மட்டும் அடியில் மணியாக நிற்கும். நாளாவட்டத்தில் சட்டியின் பெயரே சோதனைக்குப் பெயராயிற்று. அதை வினைச்சொல்லாக்கி, சோதித்துப் பார்ப்பது என்ற பொருளில் பேசத் தொடங்கியது அதற்கும் வெகுகாலம் கழித்துத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பசி வயிற்றைக் கிள்ளும் நேரத்தில் கேட்ட கதை இது. ஆனாலும் அவர் கடைசியாகச் சொன்னது மறக்கவில்லை. தனக்குள் போட்டது யாருடைய வெள்ளி என்று சட்டிக்குத் தெரியாது என்றார்.

நம் ஊரில் அந்தச் சொல் வேறு மாதிரி பிழைக்கிறது. டாக்டர் டெஸ்ட் எழுதுகிறார், லேப்காரர் டெஸ்ட் எடுக்கிறார், நோயாளி டெஸ்ட் கொடுக்கிறார். போர்வெல் தண்ணீரை டெஸ்ட்டுக்கு அனுப்புகிறோம். லைசென்ஸுக்கு எட்டுப் போடுவதும் டெஸ்ட்தான். கோபம் வந்தால் 'என்னை டெஸ்ட் பண்ணாதே' என்று எகிறுகிறோம். சோதனை என்று நம்மிடமே ஒரு சொல் இருக்கிறது. அதைக் கஷ்டகாலத்துக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சோதித்துப் பார்க்க நிஜமான ஆட்களின் விவரம் கைக்கு வராது. அதனால் கிடைத்ததைப் போட்டு நிரப்புவோம். நான் எப்போதும் என் விவரத்தையே போடுவேன். என் பிறந்த தேதி, என் ரத்த வகை, என் செல் நம்பர். எவனெவன் பெயரிலோ நான் இருந்திருக்கிறேன்: எழுபது வயதுக் கிழவராக, பிரசவத்துக்குச் சேர்ந்தவளாக, ஒருமுறை இறந்துபோனவராகக்கூட. அதனால் எந்தத் தப்பும் நடந்ததில்லை. ஐந்து வருஷம் அப்படிச் செய்தால் கை பழகிவிடும். கை பழகினால் புத்தியும் பழகிவிடும் என்பதை யாரும் பயிற்சியில் சொல்லவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. அண்ணன் இருமிக்கொண்டிருந்தான். அது ஒன்றும் புதிதல்ல; பட்டறையில் இருமாதவன் கிடையாது. கிரானைட்டில் மிஷின் பிளேடு இறங்கும்போது எழும் மாவு புருவம் வரைக்கும் அப்பிக்கொள்ளும். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆனால் இந்த இருமல் மழைக்கு முன்னால் வந்து மழை முடிந்தும் போகாமல் நின்றது. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. பேன்ட் இடுப்பில் நிற்காமல், பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டான்.

அந்த வாரம் சுகாதாரத் துறை அம்மா ஒருவர் பட்டறை பட்டறையாக வந்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர்களைப் பிரித்து நிறுத்தி, ஆளுக்கொரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா கொடுத்திருக்கிறார். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால், நெஞ்சின் அடியிலிருந்து காறி அதில் துப்பி எடுத்துவர வேண்டும். டப்பாவின் மேல் ஒட்டியிருந்த தாளில் அண்ணன் பெயரும் வயதும் எழுதியிருந்தது. அதை அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்தான்.

டப்பாவைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. காரணம் மாப்பிள்ளையின் சித்தி. பெண் பார்க்க வந்த அன்றே, காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன் கேட்டவர் அவர். "ஃபேமிலில சுகரு, ஃபிட்ஸு, டீபி, இந்த மாதிரி எதனா கீதா?"

"எங்க வூட்ல எல்லாருக்கும் வாய்தான் நீளம், வேற ஒரு சீக்கும் கெடையாது" என்று அண்ணன் சிரித்தான். அன்றைக்கு அது உண்மைதான்.

டெஸ்ட்டில் ஏதாவது வந்தால் சுகாதாரத் துறை அம்மா வீட்டுக்கு வருவார். எல்லோருக்கும் டெஸ்ட் என்பார். தெருவுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரிந்தது சித்திக்குத் தெரிய ஒரு பஸ் போதும். அண்ணி, அதாவது அண்ணன் மனைவி, குழந்தையை டியூஷனிலிருந்து கூட்டிவரப் போயிருந்தாள். நாங்கள் இரண்டு பேர்தான் வீட்டில் இருந்தோம்.

"அண்ணா, இத்த நான் குடுக்கறேன்" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. "இன்னாத்த?"

"சளிய. எனக்கும்தான் ஏசில ஒக்காந்து சளி புடிச்சிகீது. பேரு ஒன்னுது, சளி என்னுது. நெகட்டிவ்னு வந்துரும். கல்யாணம் முடியட்டும், நீ நெஜமா போய்க் குடு."

டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தான். "தப்பில்லியா பாப்பா?"

"ஒரு மாசம்தான் அண்ணா. ஒரு மாசத்துல இன்னா ஆய்டப் போவுது?"

ஒரு மாசத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்டவள் நான்தான். அந்த வாக்கியத்தை யார் தலையிலும் கட்ட முடியாது. மறுநாள் காலை பாத்ரூம் பின்னால் நின்று, தொண்டை கிழியக் காறி, அவன் பெயர் போட்ட டப்பாவில் துப்பினேன். என் சளி நல்ல கெட்டியாக இருந்ததில் எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் வந்தது. அண்ணன் அதைச் சாப்பாட்டுப் பையில் தனியாகக் கவர் போட்டு எடுத்துப் போனான்.

நான்காம் நாள் அண்ணன் செல்லுக்கு ரிப்போர்ட் வந்தது. நெகட்டிவ்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மேடையில் அண்ணன் வாயில் இருமல் மிட்டாயை அடக்கிக்கொண்டு நின்றான். போட்டோ எல்லாவற்றிலும் அவன் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருக்கும். சித்தி அவனிடம் வந்து, "தம்பி எளச்சிட்ட மாதிரி கீற" என்றார். "தங்கச்சி கல்யாண அலைச்சல்" என்றான். நான் மாலையைச் சரிசெய்வது போல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கேளம்பாக்கத்தில் ஒரு ஃப்ளாட்டில் குடித்தனம் ஆரம்பித்தோம். அண்ணனிடம் நிஜமான டெஸ்ட் எப்போது என்று கேட்டேன். நாளைக்கு என்றான். அடுத்த வாரம் என்றான். ஒரு பெரிய ஹோட்டலுக்குப் புத்தர் சிலை ஆர்டர், அது முடியட்டும் என்றான். பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. அவனே அந்த ரிப்போர்ட்டை நம்ப ஆரம்பித்துவிட்டான். பட்டறையில் யாராவது "இன்னா அண்ணாத்த, டீபி கீபியா?" என்று கேட்டால் செல்லை எடுத்துக் காட்டினான். என்னிடமே ஒருமுறை காட்டினான். "பாரு, இன்னா போட்டுகீது? நெகட்டிவ். வெறும் தூசிதான் பாப்பா."

"அண்ணா, அது என்னுது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "உம்" என்றேன். அந்த ரிப்போர்ட்டில் இருந்த பெயரும் வயதும் அவனுடையவை. தொடர்ந்து பார்த்தால் எனக்கே அது அவன் ரிப்போர்ட் மாதிரிதான் தோன்றியது. பாஸ் ஆனதைத் திறக்கக் கூடாது என்ற புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது.

கல்யாணமாகி மூன்று மாதத்தில் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று அவனுக்கு. அண்ணியும் நானும் சேர்ந்து செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டர் இளம் வயதுக்காரர், பொறுமைசாலி. எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு எதிரே அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் சுவர் ஓரப் பெஞ்சில் அண்ணியும் நானும்.

"என்ன வேலை?"

"கல்லு அறுக்கற வேல சார். பதினாறு வருசமா."

"தூசியாலயும் நுரையீரல் இப்படி ஆகும். டீபியாலயும் ஆகும். ரெண்டும் சேர்ந்தும் வரும். சளி டெஸ்ட் எடுத்தீங்களா?"

அண்ணன் செல்லை நீட்டினான். டாக்டர் படித்தார். பிறகு, நான் இன்றுவரை தினமும் கேட்கும் அந்தக் கேள்வியைக் கேட்டார். "இதை நான் நம்பலாமா? ஒழுங்கா காறித் துப்பின சளிதானே? சில பேர் வெறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்துடறாங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொசைக் தரை, ஒரு கல் பெயர்ந்திருந்தது. சொல்ல வேண்டியது ஐந்தாறு வார்த்தைதான். சொன்னால் டாக்டர் திட்டுவார், அவ்வளவுதான். ஆனால் டாக்டர் எழுதுவார்; எழுதினால் மறுபடி டெஸ்ட், வீட்டுக்கு ஆள், தெரு, சித்தி, புதுப் புருஷன் முகம். மூன்று மாதப் பெண்டாட்டி நான். பயமாக இருந்தது. இதற்கு வேறு நல்ல பெயர் எதுவும் கிடையாது.

"சளிதான் சார்" என்றான் அண்ணன். அதில் பொய் இல்லை.

"எதுக்கும் இன்னொரு தடவை கொடுத்துட்டுப் போங்க" என்று டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார். லேபில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. நாளைக்குக் காலையில் எடுத்துவருவதாகச் சொல்லிவிட்டு அண்ணன் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். போகவில்லை. போனில் இரண்டு முறை கேட்டேன், "டெஸ்ட்டு குடுத்தியா அண்ணா?" என்று. மூன்றாவது முறை கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிடுவானோ என்ற பயம் எனக்கே இருந்தது.

தூசி நோய் ஒட்டாது. அதனால் அந்த வீட்டில் யாரும் ஒதுங்கவில்லை. மிஷின் வேலையை விட்டுவிட்டு அவன் வீட்டில் கிடந்தான். ஆறு வயது மகளுக்குக் கொண்டாட்டம். அப்பா எப்போதும் வீட்டில் இருக்கிறார், விளையாட ஆள் கிடைத்தது. அவன் நெஞ்சில் தலை வைத்துத்தான் தூங்குவாள். "அப்பா உள்ள ஆட்டோ ஓடுது அத்த" என்று என்னிடம் சொன்னாள். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பிறகு ஒரு காலை வாஷ்பேசினில் ரத்தம். செங்கல்பட்டில் சேர்த்தோம். இந்த முறை டப்பாவை நர்ஸே வாயருகில் பிடித்துக்கொண்டார். மறுநாளே தெரிந்துவிட்டது, டீபி. இரண்டு நுரையீரலும். அதே டாக்டர்தான் வந்தார். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்து நெற்றியைத் தேய்த்தார். "அப்ப இல்ல. அப்புறம்தான் வந்திருக்கு. ரொம்ப வேகமா பரவியிருக்கு" என்றார், தன்னையே நொந்துகொள்வது போல. அந்த நல்ல மனிதரை அந்த நினைப்போடு போகவிட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. பதினோராம் நாள் அண்ணன் போய்விட்டான். முப்பத்தெட்டு வயது.

காரியம் முடிந்த வாரமே வீட்டில் எல்லோருக்கும் டெஸ்ட் எடுத்தார்கள். குழந்தையின் கழுத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி இருந்தது. பொன்னுக்கு வீங்கி என்று அண்ணி வேப்பிலை அரைத்துப் போட்டிருந்தாளாம். அது டீபிக் கட்டி. ஆறு மாதம் மாத்திரை. காலையில் அதைக் கொடுப்பதற்குள் வீடு ரணகளமாகும். கொடுத்த பிறகு மாத்திரைச் சாயத்தில் சிறுநீர் சிவப்பாகப் போனதைப் பார்த்து முதல் நாள் வீறிட்டு அழுதாள். அப்பா வாயில் வந்த ரத்தத்தைப் பார்த்தவள் அவள்.

நான் பயந்த எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் டீபியில் இறந்தது தெரிந்ததும் மாப்பிள்ளையின் சித்தி பழத்தோடு வந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். என் புருஷன் ஆஸ்பத்திரியில் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்தவர். யாரும் என்னை விரட்டியிருக்க மாட்டார்கள்.

மாதம் ஒருமுறை குழந்தையைச் செங்கல்பட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். நான் லீவு போட்டுவிட்டு அண்ணியோடு போவேன். நான்காம் மாதம் எடை பார்த்தார்கள், முக்கால் கிலோ ஏறியிருந்தது. கட்டி கரைந்து சுருங்கியிருந்தது. தழும்பு இருக்கும் என்றார்கள். திரும்பும்போது மாமல்லபுரம் பஸ்ஸில் குழந்தை எங்கள் இருவர் மேலும் நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டாள். தலை என் மடியில், கால் அண்ணி மடியில். மத்தியான வெயிலில் பஸ் காலியாக இருந்தது. அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை.

"அண்ணி, அந்த மொதோ டெஸ்ட்டு அண்ணனோடது இல்ல. என்னோடது. நான்தான் அதுல துப்புனேன்."

அண்ணி ஜன்னலிலிருந்து திரும்பவில்லை. "தெரியும்" என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"அன்னிக்கு ராத்திரியே சொன்னாரு. பாப்பா கல்யாணம் ஆவட்டும், நீ ஒண்ணும் கண்டுக்காதன்னாரு. நானும் கண்டுக்கல."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒன்பது மாதமும் அதற்குப் பின் நான்கு மாதமும் நான் மட்டும் சுமப்பதாக நினைத்திருந்ததை இவளும் வைத்திருந்திருக்கிறாள். "அப்ப டாக்டரு கேட்டாரே, நம்பலாமான்னு! நீ ஏன் அண்ணி சொல்லல? பக்கத்துலதான ஒக்காந்துகினு இருந்த?"

"நீயுந்தான் ஒக்காந்துகினு இருந்த."

திருக்கழுக்குன்றம் ஸ்டாண்டில் பஸ் நின்று, நாலைந்து பேர் ஏறி, மறுபடி கிளம்பியது. அண்ணி குழந்தையின் பாவாடையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டாள். பிறகு, என்னைத் திட்டுவதற்காக அல்ல, இருப்பதை இருந்தபடி சொல்கிற குரலில் சொன்னாள்.

"டாக்டரு அத்தக் கேட்டப்ப ஒங்கண்ணன் ஒன்னத்தான் திரும்பிப் பாத்தாரு. நீ தலய குனிஞ்சிகினு இருந்த, பாக்கல. வூட்டுக்கு வந்து என்னாண்ட சொன்னாரு. 'நானா போய்க் குடுத்தா பழசு பொய்னு தெரிஞ்சி பாப்பாவ மாட்டிவுட்ட மாதிரி ஆயிடும். அதுவா ஒருநாள் சொல்லும், அன்னிக்குப் போய் டெஸ்ட்டு குடுத்துக்கறேன்'னு."

டாக்டர் கேட்ட நாளுக்கும் அவன் செத்த நாளுக்கும் நடுவில் ஐந்து மாதம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அந்த வீட்டுக்குப் போய், அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறேன்.